கொசுறு

போன வருடம் ஒரு நேர்காணல். வீடியோவில்தான். எதிரில் இருந்தவர் தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. கடைசியில் என் ரெசுமேயை மறுபடி மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "ஏழு கம்பெனியா?" என்றார். ஆமாம் என்றேன். சிரித்துக்கொண்டே, "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்னு எங்க தாத்தா சொல்லுவார். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். நானும் சிரித்தேன். வேலை கிடைக்கவில்லை, அது பரவாயில்லை. அந்த இடத்தில் நான் ஏன் சிரித்தேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஏழில் இரண்டு முறை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியே மாறவில்லை. வாடிக்கையாளர் எங்கள் கான்ட்ராக்டை வேறொரு கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தார், எங்களையும் சேர்த்து. எங்கள் தொழிலில் இதற்கு ரீபேட்ஜிங் என்று பெயர். வெள்ளிக்கிழமை கழுத்தில் நீலப் பட்டை, திங்கட்கிழமை பச்சைப் பட்டை. அதே கணினி, அதே ஜன்னல். ஒரு கம்பெனி மூடப்பட்டது. ஒரு பிராஜெக்ட் பாதியில் நின்று, நான் பெஞ்சில் உட்கார்ந்து, அப்புறம் அனுப்பப்பட்டேன். நானாக விரும்பி மாறியது என்று பார்த்தால் இரண்டு தடவைதான். ஆனால் இதையெல்லாம் நேர்காணலில் விளக்க ஆரம்பித்தால் புலம்பல் மாதிரி ஆகிவிடும். அதனால் சிரித்தேன் போலிருக்கிறது.

அன்று இரவு தூக்கம் வராமல் நான் தேடிப் படித்தது இஷ் ஸ்மித்தைப் பற்றி. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவை விடாமல் பார்க்கிறவர்களுக்கு அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. 13 அணிகளுக்கு ஆடியவர். அந்த லீக்கின் வரலாற்றில் அத்தனை அணிகளுக்கு ஆடியவர் வேறு யாரும் இல்லை. ஹூஸ்டன், மெம்ஃபிஸ், கோல்டன் ஸ்டேட், ஆர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ், ஓக்லஹாமா சிட்டி, ஃபிலடெல்ஃபியா, நியூ ஆர்லியன்ஸ், டெட்ராய்ட், வாஷிங்டன், ஷார்லெட், டென்வர். மூச்சு விடாமல் சொல்லிப் பார்த்தால் ஒரு ரயில்வே அறிவிப்பு போலவே இருக்கும். இதை வைத்து நண்பன் ஒருவனோடு முன்பு சண்டையே போட்டிருக்கிறேன். "பதின்மூணு பேர் வேணாம்னு சொன்ன ஆளு" என்பான் அவன். "பதின்மூணு பேர் வேணும்னு கேட்ட ஆளு" என்பேன் நான். அந்த நேர்காணலுக்குப் பிறகு என் வாதத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. நிஜமாகவே கேட்டார்களா? ஒவ்வொரு முறையும் அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன்.

காய்கறியோடு வந்த கறிவேப்பிலை

புது ஆட்டக்காரர்களை அணிகள் சுற்று சுற்றாக, வரிசைப்படி தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2010 டிராஃப்டில் 60 பேரை எடுத்தார்கள். அந்த 60 பேரில் ஸ்மித் இல்லை. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறவராக ஆடியவர், ஆறடி உயரம். வேகம் அசாத்தியம், தூரத்திலிருந்து எறிவது சுமார். டிராஃப்டில் விடுபட்டவரை ஹூஸ்டன் கூப்பிட்டுப் பார்த்தது, பிடித்துப்போய் வைத்துக்கொண்டது. அது சரி, அங்கே கேட்டுத்தான் எடுத்தார்கள். ஆனால் முதல் சீசனே முடியவில்லை. 2011 பிப்ரவரியில் மெம்ஃபிஸ் அணிக்கு ஹூஸ்டனின் ஷேன் பேட்டியர் தேவைப்பட்டார். அவருக்குப் பதிலாக ஹஷீம் தபீட்டையும் டிமேர் கேரலையும் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையும் கொடுத்தது. பேட்டியரோடு சேர்த்து அனுப்பப்பட்ட இன்னொரு பெயர் இஷ் ஸ்மித். காய்கறி வாங்கினால் கடைக்காரர் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பையில் போடுவாரே, கொசுறு, அதுதான்.

கொசுறு என்று இளக்காரமாகச் சொல்லவில்லை, அந்த லீக்கின் கணக்கு அப்படி. சம்பள உச்சவரம்பைத் தாண்டிவிட்ட அணி ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க வேண்டுமானால், போகிற சம்பளமும் வருகிற சம்பளமும் ஏறக்குறைய சரிக்கட்ட வேண்டும். ஆள் எண்ணிக்கையும் இடிக்கக் கூடாது. தராசுத் தட்டு சமமாகும்வரை சின்னச் சின்ன ஒப்பந்தங்களை எடுத்து வைப்பார்கள். குறைந்த சம்பளம், ஒரு வருட ஒப்பந்தம், பிரச்சினை செய்யாத மனிதர் என்றால் அந்தத் தட்டுக்கு ரொம்பத் தோது. இதில் பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு வாய் திறக்க உரிமை கிடையாது. டிரேடை, அதாவது வேறு அணிக்குக் கைமாற்றப்படுவதை, மறுக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டுமானால் லீக்கில் எட்டு வருடமும் அதே அணியில் நான்கு வருடமும் ஆடியிருக்க வேண்டும். அடிக்கடி அனுப்பப்படுகிறவர் அந்த நான்கு வருடத்தை எங்கே போய்ச் சேர்ப்பார்?

தாளில் பட்டியல் நீண்டது. கோல்டன் ஸ்டேட் அவரை வேவரில் (ஓர் அணி விடுவித்தவரை இன்னொன்று எடுத்துக்கொள்ளும் முறை) எடுத்து, சில ஆட்டங்களில் விட்டுவிட்டது. ஆர்லாண்டோவில் ஒரு வருடம். 2013 பிப்ரவரியில் ஜே.ஜே. ரெடிக்கை மில்வாக்கிக்குக் கொடுத்து டோபியாஸ் ஹாரிஸை ஆர்லாண்டோ வாங்கியபோது ரெடிக்கோடு போனவர்களில் ஸ்மித்தும் ஒருவர். மறுபடி கொசுறு. அந்தக் கோடையிலேயே கேரன் பட்லருக்காக மில்வாக்கி அவரையும் இன்னொருவரையும் ஃபீனிக்ஸுக்கு அனுப்பியது. பட்லர் மில்வாக்கிக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர், அவருக்கு அது ஊர் திரும்புதல். ஸ்மித்துக்கு ஆறாவது சட்டை. அப்புறம் ஓக்லஹாமா சிட்டி. அங்கே ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் கை உடைந்து, இன்னும் பலர் காயத்தில் கிடந்ததால், ஆள் போதவில்லை என்று லீக்கிடம் கூடுதல் இடம் கேட்டு வாங்கி இவரைச் சேர்த்தார்கள். காயங்கள் ஆறின. 2015 பிப்ரவரியில் இடம் காலியாக வேண்டும் என்று நியூ ஆர்லியன்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். நியூ ஆர்லியன்ஸ் வாங்கிய கையோடு விடுவித்தது, சட்டையைப் போட்டுப் பார்க்கக்கூட நேரம் தரவில்லை.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நண்பன் சொன்னதுதான் சரியோ என்று தோன்றியது. 'வேண்டும்' என்று கேட்டவர்கள் எங்கே? எல்லாம் தராசில் வைத்த எடைக்கற்கள்.

இரண்டு டிராஃப்ட் உரிமைகள்

நியூ ஆர்லியன்ஸ் விடுவித்தவரை வேவரில் எடுத்தது ஃபிலடெல்ஃபியா. அந்த ஃபிலடெல்ஃபியாவைப் பற்றி ஒரு வார்த்தை. சாம் ஹிங்கி என்ற பொது மேலாளரின் கீழ் அந்த அணி அப்போது தோற்பதையே ஒரு திட்டமாக வைத்திருந்தது. நிறையத் தோற்றால் அடுத்த டிராஃப்டில் முன்வரிசை இடம் கிடைக்கும், அப்படிச் சில வருடம் தாங்கினால் ஒரு பெரிய அணியைக் கட்டலாம் என்பது கணக்கு. ஹிங்கிக்கு டிராஃப்ட் உரிமைகள் என்றால் உயிர். மற்ற அணிகள் சில்லறையாக நினைக்கும் இரண்டாம் சுற்று உரிமைகளைக்கூட உண்டியலில் போடுகிற குழந்தை மாதிரி சேர்த்துக்கொண்டே இருப்பார். 2015 வசந்த காலத்தில் ஸ்மித் அங்கே சீசன் முடியும்வரை ஆடினார். ஒழுங்காகவே ஆடினார். கோடையில் ஒப்பந்தம் முடிந்தது. வைத்துக்கொள்ள நினைத்திருந்தால் பெரிய செலவே இல்லை. விட்டுவிட்டார்கள். வாஷிங்டன் பயிற்சி முகாமுக்கு மட்டும் கூப்பிட்டு சீசன் தொடங்குமுன் கழற்றிவிட்டது. கார்டு இடத்தில் ஆடுகிறவர்களெல்லாம் காயத்தில் இருந்த நியூ ஆர்லியன்ஸ், பிப்ரவரியில் சட்டை கொடுக்காமல் அனுப்பியதே அதே நியூ ஆர்லியன்ஸ், வேவரில் திரும்ப எடுத்தது.

ஃபிலடெல்ஃபியா அந்த சீசனின் முதல் 18 ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு வெற்றி. பிறகு மறுபடி தோல்வி, தோல்வி, தோல்வி. கிறிஸ்துமஸ் வரும்போது 1 வெற்றி, 30 தோல்விகள். தோற்பதற்கென்றே கட்டப்பட்ட அணிகூட இந்த அளவைத் தாங்காது என்று தெரிந்துவிட்டது. நெர்லென்ஸ் நோயல், ஜாலில் ஓகாஃபர் என்று எதிர்காலத்துக்காக எடுத்து வைத்த இரண்டு உயரமான இளைஞர்கள் இருந்தார்கள். அவர்கள் கைக்கு உரிய நேரத்தில் பந்து கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. நோயல் ரிங்குக்கு மேலே துள்ளி எழுவதில் கெட்டிக்காரர். ஆனால் அவர் காற்றில் இருக்கிற அந்த அரை வினாடியில் பந்தும் அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் வெறுமனே குதிக்கிற ஒரு பையன்தான். நல்ல விதையைக் கட்டாந்தரையில் போட்டுவிட்டு முளைக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பரில் அணி நிர்வாகத்துக்கு மேலே ஜெர்ரி கோலஞ்சலோவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார் உரிமையாளர். டிசம்பர் 24 அன்று ஃபிலடெல்ஃபியா நியூ ஆர்லியன்ஸுக்கு இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகளைக் கொடுத்து ஒரே ஒரு ஆட்டக்காரரை வாங்கியது. கூட யாரும் இல்லை, எடை சரிக்கட்டல் இல்லை. ஐந்தாறு மாதம் முன்பு சும்மா விட்ட இஷ் ஸ்மித்.

என்னால் இந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. உண்டியல் பையனே உண்டியலை உடைத்திருக்கிறான். ஸ்மித் மாறவில்லை, அந்தக் கோடையில் அவர் புதிதாக எதையும் கற்றுக்கொண்டு வரவில்லை. எறிதல் அதே சுமார். வேகம் அதே வேகம். அவர் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவர்கள் 31 ஆட்டம் இருந்து பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து ஃபீனிக்ஸோடு ஆட்டம், ஸ்மித்தின் பழைய அணிகளில் ஒன்று. ஃபிலடெல்ஃபியா ஜெயித்தது. சீசனின் இரண்டாவது வெற்றி.

இதை ஒரு மாயாஜாலக் கதையாக்க எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பிறகும் அவர்கள் தோற்றுக்கொண்டேதான் இருந்தார்கள். சீசன் முடிவில் 10 வெற்றி, 72 தோல்வி. ஆனால் அந்தப் பத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 82 ஆட்ட சீசனில் மிகக் கேவலமான கணக்கு 9 வெற்றி, 73 தோல்வி. அதைப் படைத்ததும் ஃபிலடெல்ஃபியாவேதான், 1972-73ல். தன் தாத்தா வாங்கிய கெட்ட பெயரைப் பேரன் வாங்காமல் ஒரே ஒரு வெற்றியில் தப்பினான். ஹிங்கி அந்த ஏப்ரலில் ராஜினாமா செய்தார். கோடையில் டெட்ராய்ட் ஸ்மித்துக்கு மூன்று வருட ஒப்பந்தம் தந்தது, 1.8 கோடி டாலருக்கு. ஆறு வருடம் பெட்டியைப் பிரிக்காமல் வாழ்ந்தவருக்கு முதன்முதலாக மூன்று வருடம் ஒரே ஊர். ஃபிலடெல்ஃபியாவில் அந்த நான்கு மாதம் கிடைக்காமல் போயிருந்தால் அது வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி. இவரைப் போன்றவர்களை அமெரிக்காவில் ஜர்னிமேன் என்பார்கள். ஊர் ஊராகப் பயணம் போகிறவர் என்று நானும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லின் வேர் பயணமே இல்லை. பிரெஞ்சு மொழியில் நாள் என்பதற்கான சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கால ஐரோப்பாவில் தச்சோ கொல்லோ தொழில் பழகி முடித்தாகிவிட்டது, ஆனால் சொந்தப் பட்டறை வைக்கவில்லை, நாள் கூலிக்கு வேலை செய்கிறவர் என்றால் அவர் ஜர்னிமேன். அதாவது தொழில் தெரிந்தவர். பட்டறைதான் அவருடையது இல்லை. நேர்காணல் செய்தவரின் தாத்தாவுடைய தச்சன் ஞாபகத்துக்கு வந்தான். அந்தப் பழமொழியில் தச்சன் காடெல்லாம் அலைந்து, இது வேண்டாம் அது வேண்டாம் என்று தானே கழித்துவிட்டுப் போகிறான். மரத்தைக் காட்டிவிட்டு, வெட்ட ஆரம்பித்ததும் கோடரியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த காட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று பழமொழியில் இல்லை.

இருக்க நினைத்தவர்கள்

ஸ்மித்துக்கு முன் 12 அணிகளோடு அந்தச் சாதனையைப் பகிர்ந்துகொண்டவர்கள் நான்கு பேர். சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், டோனி மாசன்பர்க், ஜோ ஸ்மித். இதில் ஜோ ஸ்மித் 1995 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். பின்னாளில் பெரிய நட்சத்திரமான கெவின் கார்னெட்டே அதில் ஐந்தாவதுதான். ஆக, ஊர் சுற்றுவது ஒதுக்கப்பட்டவர்களின் தலையெழுத்து மட்டுமில்லை. அவர் கதையில் ஒரு கொடுமை இருக்கிறது. மின்னசோட்டாவில் நிலைத்துவிட வேண்டும் என்று அவர் மலிவான குறுகிய ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டார், பின்னால் பெரிய தொகை தருகிறோம் என்ற ரகசிய வாக்குறுதியை நம்பி. 2000ல் அது வெளியே வந்தது. லீக் அணிக்கு 35 லட்சம் டாலர் அபராதம் போட்டு, டிராஃப்ட் உரிமைகளைப் பறித்து, அவருடைய ஒப்பந்தத்தையும் ரத்து செய்தது. அவர் டெட்ராய்ட் போய் ஒரு வருடம் ஆடிவிட்டு மின்னசோட்டாவுக்கே திரும்பி வந்தார். விதிமீறல்தான், மறுக்கவில்லை. ஆனால் 12 சட்டை போட்ட மனிதர் வசமாக மாட்டிக்கொண்டது ஓர் ஊரிலேயே இருந்துவிடப் பார்த்தபோது என்பதை நினைத்தால் சிரிப்பதா என்று தெரியவில்லை.

இன்னொரு பக்கம் உடோனிஸ் ஹாஸ்லம். அவரும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர், 2002ல். பிரான்சில் ஒரு வருடம் ஆடிவிட்டு 2003ல் பிறந்த ஊரான மயாமியின் அணியில் சேர்ந்தார். 20 சீசன், ஒரே சட்டை. 2010ல் வேறு அணிகள் அதிகமாகத் தருகிறோம் என்றபோதும் குறைந்த பணத்துக்கு அங்கேயே இருந்தார். விசுவாசத்துக்கு உதாரணம் என்று அவரைத்தான் எல்லோரும் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். எனக்கு ஒரே ஒரு குறுக்குக் கேள்வி. அவர் இருந்த இடமும் அசையாமல் இருந்ததே? பேட் ரைலி 1995லிருந்து அந்த அணியின் தலைமையில் இருக்கிறார். எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 2008லிருந்து கோச். ஆணி அடிக்க ஒரு சுவர் இருந்தது. இஷ் ஸ்மித் போன இடங்களில் பாதி, அவர் பெட்டியை இறக்கும்போதே கோச்சையோ மேலாளரையோ மாற்றப்போகிற இடங்கள்.

இஷ் ஸ்மித்தும் ஹாஸ்லமும் 2023 ஜூனில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முந்தைய கோடையில் வாஷிங்டன் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்பை டென்வருக்குக் கொடுத்தபோது கூட அனுப்பப்பட்டவர் யார்? ஆமாம். கொசுறாகவே போய் 13வது சட்டையைப் போட்டார், சாதனை படைத்தார். ஜூன் 12 அன்று டென்வர் மயாமியை 94-89 என்று வென்று, 4-1 கணக்கில் கோப்பையை எடுத்தது. அந்த அணிக்கு அதுதான் முதல் என்பிஏ பட்டம். எல்லாம் டென்வரின் நட்சத்திரம் நிகோலா யோகிச்சின் கைவண்ணம், ஸ்மித்துக்கு அந்தத் தொடரில் பெரிய வேலை இருக்கவில்லை. ஹாஸ்லத்துக்கு அது கடைசித் தொடர், அதோடு ஓய்வு. டென்வர் பெஞ்சில் ரெஜி ஜாக்சனும் இருந்தார். ஓக்லஹாமா சிட்டியில் ஸ்மித்தோடு இருந்தவர், இருவரும் ஒரே பிப்ரவரியில் அங்கிருந்து அனுப்பப்பட்டார்கள். பிறகு டெட்ராய்ட்டில் ஜாக்சனின் காயங்களின்போது அவர் இடத்தில் ஆடியவர் ஸ்மித். எட்டு வருடம் கழித்து மூன்றாவது ஊரில் இருவரும் ஒரே கோப்பையைத் தொட்டார்கள். பழைய ஆபீஸ் ஆட்களை வேறு ஆபீஸ் கேன்டீனில் பார்க்கிற மாதிரி இருந்திருக்கும்.

கோப்பைக்குப் பிறகு, 2023 நவம்பரில், ஷார்லெட் ஸ்மித்தை மறுபடி எடுத்தது. அவர் பிறந்த ஊர். அங்கே ஏற்கெனவே 2021ல் ஆடி, பாதி சீசனில் அனுப்பப்பட்டிருந்தார். இங்கேதான் தாளில் நான் விட்ட தப்பு தெரிந்தது. 13 என்பது அணிகளின் எண்ணிக்கை. போய்ச் சேர்ந்து ஆடிய தடவைகளை எண்ணினால் 16. ஃபிலடெல்ஃபியா இரண்டு தடவை, வாஷிங்டன் இரண்டு தடவை, ஷார்லெட் இரண்டு தடவை. நானும் நண்பனும் எத்தனை பேர் அனுப்பினார்கள், எத்தனை பேர் எடுத்தார்கள் என்றே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை இருவருமே போடவில்லை.

அதே தாளின் பின்பக்கத்தில் என் ஏழு கம்பெனிகளையும் எழுதினேன். நாளைக்கே கூப்பிட்டு, வருகிறாயா என்று யார் கேட்பார்கள்? நேர்மையாக யோசித்து இரண்டின் பக்கத்தில் டிக் போட்டேன். மூன்றாவதாக ஒன்றும் கேட்கும், நிச்சயம் கேட்கும். ஆனால் அது மூடப்பட்ட கம்பெனி.